பாட்டைப் படிக்கலாம், பழியை மறைக்கலாகாது

(இலக்கிய மன்றத் திங்கட் கூட்டத்தில் ஆற்றிய உரை)

   

"பாட்டு வேறு, பாவலன் வேறா?" என்பது இன்று எனக்குத் தரப்பட்டுள்ள தலைப்பு. பழி சாற்றப்பட்ட கலைஞர் எல்லாரும் குற்றவாளியர் அல்லர். இலக்குமிகாந்தன் கொலை வழக்கிற் சிறைப்பட்ட தியாகராச பாகவதரும் கலைவாணரும் 1947-இல் குற்றமற்றவர் என விடுதலை பெற்றதை நாம் அறிவோம். ஆதலால், குற்றம் இழைத்தவரே தம் கையால் எழுதி வைத்த நிகழ்ச்சி ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கின்றேன்.

சிலி நாட்டுப் பாவலர் பாபுலோ நெருதாவை அறியாதார் இங்குச் சிலரே. 1924-இல், ஏறத்தாழ இருபது அகவையில், அவர் வெளியிட்ட காதற் பாக்கள் உலகெங்கும் பரவின, தமிழிலும் வந்தன. உழைப்பாளர் பக்கம் நின்று பாடியவர் அவர். 1971-இல் நோபல் பரிசு பெற்றார். யானும் பல்லாண்டுகள் வகுப்பறையில் அவர் பாக்களை உருகி உருகிச் சொன்னவன்.

அவர் 1929-இல் கொழும்பில் தம் நாட்டுத் தூதுப்பணியில் இருந்தார். வெள்ளவத்தைக் கடற்கரையில் தனியே குடியிருந்தார். அவ்வீட்டுக் கழிப்பறையைத் துப்புரவு செய்ய நாள்தோறும் விடியலில் ஒரு பெண் வருவாள். அவள் தமிழச்சி, தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்ட குலத்திற் பிறந்தவள். நெருதா அழைத்தார், அவள் திரும்பவில்லை. வழியிற் பரிசுப் பொருள்களை வைத்தார். அவள் பாராமற் சென்றாள். ஒருநாட் காலை அவள் மணிக்கட்டை இறுகப் பற்றிப் படுக்கையறைக்குக் கொண்டு சென்றார். அவள் விழி மூடாது சிலைபோற் கிடந்தாள் என்றும், அவள் தம்மை இகழ்ந்தது தகும் என்றும் அவரே எழுதியுள்ளார். 1973-இல் அவர் மறைந்தார். 1974-இல் வெளிவந்த அவருடைய தன்வரலாற்று நூலில் இச்செய்தி உள்ளது.

தொல்காப்பியர் ஒத்த அன்பையே ஐந்திணையாகக் கொண்டார். மிகு காமத்தால் வன்மை செய்தலைப் பெருந்திணையுள் தள்ளினார். காதற் பாவலர் என்று உலகு கொண்டாடும் ஒருவரின் இச்செயல் காதலன்று, வன்புணர்ச்சி.

"அக்காலம் அத்தகையது" என்பர் சிலர். அதே காலத்தில்தான் அவள் முகந்திருப்பிச் சென்றாள். தமக்கு இசைவில்லை என்பதை அவர் அறியும்படி காட்டினாள். "அவரே ஒப்புக்கொண்டாரே" என்பர் வேறு சிலர். யாரிடம் ஒப்புக்கொண்டார்? அவள் அறியாத மொழியில், நாற்பதாண்டு கழித்து எழுதினார். அவள் பின்னர் என்ன ஆனாள் என்று ஒரு சொல்லும் இல்லை. அவள் சேலையின் நிறமும் கால்வளைகளும் நடையும் அழகழகாக எழுதப்பட்டுள்ளன. குற்றத்தையே கலையாக்கி வைத்தவரிடம் கலை வேறு, குற்றம் வேறு என்று நாம் எங்ஙனம் பிரிப்பது?

இச்செய்தியை யான் வகுப்பிற் சொன்ன அன்று ஒரு மாணவி எழுந்து, "ஐயா, அந்த அம்மாவின் பெயர் என்ன?" என்று வினவினாள். விடை கூற இயலாமல் நின்றேன். எத்தனையோ பாக்களுக்கு உரை சொன்ன எனக்கு அன்று நா எழவில்லை.

2018-இல் சந்தியாகோ வானூர்தி நிலையத்திற்கு நெருதாவின் பெயரைச் சூட்ட அந்நாட்டு நாடாளுமன்றக் குழு இசைந்தபோது, சிலி நாட்டுப் பெண்களே எதிர்த்தெழுந்தனர். 2021-இல் சிங்கள இயக்குநர் அசோக அந்தகம இந்நிகழ்ச்சியைத் திரைப்படமாக்கினார். அவளுக்காக அயலார் பேசினர். அவள் இனத்தாராகிய நாம் நெருதாவின் காதற் பாக்களைத் திருமண மேடைகளில் மேற்கோள் காட்டிக்கொண்டிருந்தோம்.

இன்னொன்றும் கூறுவேன், சினவாதீர். தமிழச்சி என்றதும் நமக்குக் குருதி கொதிக்கின்றது. கொதிக்கட்டும். ஆனால், பிறர் கழிவைத் தலையிற் சுமக்கும் பிறப்பு என்று அவளை ஒதுக்கி வைத்தவர் யார்? நெருதா வருமுன்பே அவளைத் தனியளாக நிறுத்தியவர் யார்? அவளைத் தம் வீட்டு வாயிலுக்குள் விடாதவர்கள் அவள் மானத்திற்கு மட்டும் உரிமை கொண்டாடுதல் முறையாகுமா? இவ்வினாவிற்கு விடை கூறாமல் நெருதாவை மட்டும் தூற்றுவோமாயின், நாமும் அவளை ஒரு கருவியாகவே கொள்கின்றோம்.

அவ்வாறாயின் நூல்களை எரித்துவிடலாமா? வேண்டா. எரித்தால் அவளைப் பற்றிய ஒரே சான்றும் எரிந்துபோம். மொழிபெயர்ப்போர் அப்பக்கத்தை விடாமற் பெயர்க்கட்டும். அவரைப் பற்றி எழுதுவோர் நோபல் பரிசைக் கூறும் இடத்திலேயே வெள்ளவத்தையையும் கூறட்டும். ஆசிரியர்கள் பாட்டைச் சொல்லிக் கொடுத்து, பழியையும் சொல்லிக் கொடுக்கட்டும். படத்தை மாட்டி மாலை இடுவதை நிறுத்துவோம்.

யான் இன்றும் அவர் பாக்களைப் படிக்கின்றேன். முன்போல் உருக முடியவில்லை; விழி மூடாத அப்பெண் எதிரே நிற்கின்றாள். அவளை விலக்கிவிட்டுப் படிக்க எனக்கு உரிமை இல்லை, உங்களுக்கும் இல்லை.