பள்ளிக்கூடம் கேட்ட மாணவி



அமெரிக்காவின் நிறவெறி எதிர்ப்புப் போராட்டம் என்றால் மார்ட்டின் லூதர் கிங், ரோசா பார்க்ஸ் பெயர்களை நம் மாணவர்களே சொல்வார்கள். மாண்ட்கோமரி பேருந்துப் புறக்கணிப்புக்கு நான்கு ஆண்டுகள் முன்பே போராடிய பார்பரா ஜான்ஸ் என்ற பள்ளி மாணவியைப் பற்றி நான் இன்று பேச விரும்புகிறேன்.

வர்ஜீனியா மாநிலத்தில் ஃபார்ம்வில் ஒரு சிற்றூர். அங்கே கறுப்பினப் பிள்ளைகளுக்கென்று இருந்தது மோட்டன் உயர்நிலைப் பள்ளி. 1939இல் 180 பேருக்காகக் கட்டிய அந்தப் பள்ளியில், 1951இல் 450 பேருக்கு மேல் படித்தார்கள். இடம் போதாததற்கு நிர்வாகம் போட்டுக் கொடுத்தது தார்த்தாள் ஒட்டிய மரக் கொட்டகைகள். மழை வந்தால் ஒழுகும். குளிர்காலத்தில் அடுப்புக்கு அருகில் இருப்பவருக்கு வேர்க்கும். தள்ளி இருப்பவர் கோட்டைக் கழற்ற முடியாது. உணவுக்கூடமோ உடற்பயிற்சிக்கூடமோ இல்லை. அதே ஊரில் வெள்ளையினப் பிள்ளைகளின் பள்ளியில் இவை இருந்தன.

பார்பரா தன் மனக்குறையை இசை ஆசிரியை ஐனஸ் டேவன்போர்ட்டிடம் சொன்னாள். அதற்கு நீயே ஏதாவது செய்யலாமே என்றார் அவர். அந்தக் கேள்வி அவள் மனத்தில் தங்கிவிட்டது. நம்பிக்கையான சில மாணவர்களுடன் இரகசியமாகத் திட்டமிட்டாள்.

1951 ஏப்ரல் 23. ஒரு பொய்த் தொலைபேசித் தகவலால் தலைமையாசிரியரை வெளியே போகச் செய்தார்கள். அவர் அழைப்பதுபோல் சீட்டு அனுப்பி எல்லோரையும் அரங்கில் கூட்டினார்கள். திரை விலகியதும் மேடையில் நின்றவள் 16 வயது பார்பரா. ஆசிரியர்களை வெளியேறச் சொன்னாள். மாணவர்களை வேலைநிறுத்தத்திற்கு அழைத்தாள். இரண்டு வாரம் யாரும் வகுப்புக்குப் போகவில்லை.

அவர்கள் முதலில் கேட்டது ஒரு நல்ல கட்டடம் மட்டுமே. உதவிக்கு வந்த வழக்கறிஞர்கள் ஆலிவர் ஹில், ஸ்பாட்ஸ்வுட் ராபின்சன் இருவரும், இனவாரியாகப் பள்ளிகளைப் பிரிப்பதையே எதிர்ப்பதானால் வழக்கை எடுப்போம் என்றார்கள். பெற்றோரும் பிள்ளைகளும் இசைந்தார்கள். 117 மாணவர்கள் சார்பில் வழக்குத் தொடரப்பட்டது. 1954 மே 17இல் வெளியான பிரவுன் வழக்குத் தீர்ப்பில் இணைந்திருந்த ஐந்து வழக்குகளில், மாணவர் போராட்டத்திலிருந்து பிறந்தது இது ஒன்றுதான்.

இதற்குக் கொடுத்த விலை பெரிது. பாதுகாப்புக்காகப் பார்பராவை மாண்ட்கோமரியிலிருந்த உறவினர் வீட்டுக்கு அனுப்பினார்கள். தலைமையாசிரியரின் பணி நீட்டிக்கப்படவில்லை. இரு இனத்தவரையும் சேர்த்துப் படிக்கவைக்க மனமின்றி, அந்த மாவட்டம் 1959 முதல் 1964 வரை தன் அரசுப் பள்ளிகளையே மூடிவிட்டது. பல கறுப்பினப் பிள்ளைகளின் படிப்பு அதோடு நின்றது.

பார்பரா பின்னாளில் நூலகராகப் பணியாற்றி 1991இல் மறைந்தார். நாடாளுமன்றக் கட்டடத்தில் வர்ஜீனியாவின் சார்பாக நின்ற தளபதி ராபர்ட் லீ சிலைக்குப் பதிலாக, இவருடைய சிலையை வைக்க 2020இல் முடிவானது.

பிரவுன் தீர்ப்பைப் பாடமாக நடத்தும்போது நீதிபதிகளோடு இந்த மாணவியின் பெயரையும் கரும்பலகையில் எழுதுங்கள். கூரை ஒழுகுகிறது, கழிவறையில் தண்ணீர் வரவில்லை என்று நம்மிடமும் பிள்ளைகள் வந்து சொல்கிறார்கள். அவர்களை உட்காரவைத்துக் கேளுங்கள். என்ன செய்யலாம் என்று அவர்களிடமே கேளுங்கள்.