தரையும் தட்டியும்



புனேயிலிருந்து லோனாவளா செல்லும் உள்ளூர் ரயில் பாதையில் தேஹு ரோடு என்றோர் ஊர் உண்டு. மகான் துக்காராம் பிறந்த தேஹுவுக்கு அருகில் அமைந்தது. படைத்துறைக் கிடங்குகளை ஒட்டி வளர்ந்த இவ்வூரில் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றன. சென்ற மழைக்காலத்தில் அங்குள்ள நண்பர் ஒருவரைக் காணச் சென்றிருந்தோம். ஓய்வு பெற்றபோது கிடைத்த பணிக்கொடையைக் கொண்டு, கடைத்தெருவில் நீண்ட கூடம் ஒன்றை அவர் வாடகைக்கு எடுத்திருந்தார். தெருப்பக்கம் உணவு விடுதி. பின்பக்கம் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு. நடுவே நகரும் தடுப்பு. விசேஷ நாட்களில் தடுப்பைத் தள்ளிவிட்டால் கூடம் முழுவதும் விருந்துக்கு ஆகும் என்பது அவர் திட்டம்.

மாதிரித் துண்டுகளை மேஜைமேல் பரப்பி, "எது அழகாக இருக்கிறது, சொல்லுங்கள் ஐயா" என்றார். அழகைப் பிறகு பார்க்கலாம், முதலில் ஒவ்வொன்றுக்கும் என்ன வேலை என்று பார்ப்போம் என்றோம்.

தரைக்கு அவர் தேர்ந்திருந்தது ராஜஸ்தானத்துக் கோட்டாக் கல். கால் தேய்ப்புக்கு நெடுங்காலம் ஈடுகொடுக்கும் நல்ல கல்தான். ஆயினும் கோட்டாக் கல்லும், கர்நாடகத்து ஷாஹாபாத் கல்லும், நம் வீடுகளில் பழகிய கடப்பைக் கல்லும் சுண்ணாம்புக் கல் வகையைச் சேர்ந்தவை. புளிப்பு அவற்றுக்குப் பகை. சாம்பாரும் ரசமும் எலுமிச்சைச் சாறும் சிந்திக்கொண்டே இருக்கும் இடத்தில் மெருகு நாளடைவில் அரிக்கப்பட்டு மங்கிவிடும். கறையைப் போக்க அமிலம் ஊற்றிக் கழுவினால் கேடு இரட்டிக்கும். செட்டிநாட்டு ஆத்தங்குடிக் கல்லும் சிமெண்டால் ஆனதாதலின் அதற்கும் இதே குறை உண்டு. ஆகவே வகுப்பறைப் பகுதிக்குக் கோட்டாக் கல், விடுதிப் பகுதிக்குச் சொரசொரப்பான கிரானைட் அல்லது விட்ரிஃபைட் ஓடு என்று முடிவாயிற்று. வழவழப்பான ஓட்டில் நீர் சிந்தினால், கையில் தட்டேந்தி வருபவர் வழுக்கி விழ நேரும்.

அடுத்தது சுவர்ப் பலகை. மேற்குச் சுவரில் ஈரம் பூத்திருந்தது. அதை மறைக்கவே பலகை வேண்டும் என்றார். மறைத்தால் ஈரம் போய்விடுமா? பலகைக்குப் பின்னே பூஞ்சணமும் கரையானும் கண்ணில் படாமல் வளரும். மழைநீர் புகும் வெடிப்பை வெளிப்புறத்திலே அடைத்துச் சுவரைக் காயவிட வேண்டும். அதன் பின்னரே பலகையைப் பற்றி நினைக்கலாம்.

இனி நகரும் தடுப்பு. நம் ஊர்களில் ஓலைத் தட்டியை வைத்து மறைத்துக்கொள்வோம்; காற்றும் வரும், பேச்சும் கேட்கும். விலை உயர்ந்த தடுப்பானாலும், அது பொய்க்கூரை மட்டத்தோடு நின்றுவிட்டால் ஓசை அதன் மேலே ஏறி மறுபக்கம் இறங்கிவிடும். பொய்க்கூரைக்கு மேலுள்ள வெளியையும் மெய்க்கூரை வரை அடைக்க வேண்டும். அடியிலும் மேலிலும் உள்ள இடுக்குகளை ரப்பர்ப் பட்டைகள் மூட வேண்டும். தொங்கும் தடுப்பின் பாரத்தை உத்தரம் தாங்க வேண்டுமேயன்றிப் பொய்க்கூரை தாங்கலாகாது. பொருளையும் கவனிக்க வேண்டும். ஜிப்சத்தின் எடையில் நூற்றுக்கு ஏறத்தாழ 21 பங்கு நீர் கட்டுண்டு கிடக்கிறது. தீயில் அந்நீர் ஆவியாகும் வரை வெப்பம் மறுபக்கம் விரைந்து பரவாது. பி.வி.சி. பலகையோ எரியும்போது நச்சுப் புகையைக் கக்கும்.

இவ்வளவும் பேசிய பிறகு வரைபடத்தை மீண்டும் பார்த்தோம். தடுப்பு மூடியிருக்கும்போது பிள்ளைகள் தெருவை அடைய விடுதி வழியாக, அடுப்பைக் கடந்தே வர வேண்டும். பின்சுவரில் சந்துக்குத் திறக்கும் கதவு ஒன்று இருந்தது. சுவர் ஒரே சீராகத் தோன்ற வேண்டுமென்று அதையும் பலகையால் மூடிவிடத் திட்டமிட்டிருந்தார்.

நாமும் ஒருமுறை இத்தவற்றைச் செய்தவர்களே. மொழிபெயர்ப்பு வேலைக்கு அமைதி வேண்டுமென்று வற்புறுத்தி, நாம் பணியாற்றிய அறையில் தடுப்பு வைக்கச் செய்தோம். அது இரண்டாவது வாயிலை அடைத்ததை எவரும் பொருட்படுத்தவில்லை. ஒரு மாலை, இருந்த ஒரே வாயிலருகே மின்கம்பி கருகிப் புகை சூழ்ந்தபோதுதான் உணர்ந்தோம். சுவரைத் தடவித் தடவி வெளியேறினோம். ஒருவருக்கும் தீங்கில்லை, அது நமது நல்லூழ்.

கும்பகோணத்துப் பிள்ளைகளுக்கு அந்த நல்லூழ் வாய்க்கவில்லை. 2004 ஜூலை 16 அன்று பள்ளியின் கீற்றுக்கூரையில் பற்றிய தீ 94 குழந்தைகளின் உயிரைக் குடித்தது. அச்செய்தியைச் சொன்னபோது நண்பர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு பென்சிலை எடுத்துப் பின்சுவர்ப் பலகை முழுவதையும் அடித்துவிட்டு, கதவை வெளிப்புறமாகத் திறக்கும்படி வரைந்தார். "பலகைக்கு வைத்திருந்த பணம் இதற்குப் போதும்" என்றார்.

வெளிமாநிலங்களில் சேமிப்பையெல்லாம் போட்டுக் கடையோ வகுப்போ தொடங்கும் நம்மவர் பலர். மாதிரித் துண்டுகளைக் கையில் எடுக்குமுன், தடுப்பை மூடியதாக எண்ணிக்கொண்டு அதன் இருபுறமும் நின்று பாருங்கள். ஒவ்வொரு புறத்திலிருந்தும் வெளியே செல்ல வழி உண்டா என்று முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். வண்ணத்தைப் பிறகு தேர்ந்தெடுக்கலாம்.