வலிக்கலையேன்னு விட்டுடாதீங்க!



நாற்பதைக் கடந்தவர்களின் இதயத்தைக் கெடுப்பது நாக்கா, அலட்சியமா? இதுதான் தலைப்பு. எதிரணி அம்மா வந்தாங்க. ஊறுகாய், அப்பளம், வடைன்னு அடுக்கினாங்க. ஒரு நாளைக்கு உப்பு 5 கிராமுக்குள்ள இருக்கணும்னு உலக சுகாதார நிறுவனமே சொல்லுது. ஒத்துக்கறேன். ஆனா, குழம்புல உப்பு கூடினா நாக்கு சொல்லிடும். உடம்புல பிரஷர் கூடினா யாருங்க சொல்லுவா? (கைதட்டல்)

பல்வலின்னா ராத்திரியே டாக்டரைத் தேடி ஓடுறோம். ரத்தக்கொதிப்பு பெரும்பாலும் வலிக்காது. வலிக்காததால, "நான் நல்லாத்தானே இருக்கேன்"னு இருந்துடுறோம்.

அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட், உலகப் போரையே நடத்தியவர். 1944 மார்ச்சில் அவருக்கு ரத்த அழுத்தம் 186-க்கு 108. கூடவே இருந்த டாக்டர் யாரு? காது, மூக்கு, தொண்டை நிபுணர்! (சிரிப்பு) வயசானா பிரஷர் ஏறத்தான் செய்யும்னு பல டாக்டர்களே நம்பிய காலம் அது. 1945 ஏப்ரல் 12-ந் தேதி, பின்தலை பயங்கரமா வலிக்குதுன்னு சொல்லிச் சாய்ந்தார். அழுத்தம் 300-க்கு 190. மூளையில் ரத்தக்கசிவு. 63 வயதில் போய்விட்டார்.

அதே நாட்டில், ஃப்ராமிங்காம் என்ற ஊரில், 1948-ல் ஓர் ஆய்வு தொடங்கினார்கள். 5,209 பேர். இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை பரிசோதனை. பல வருஷம் பார்த்த பிறகுதான் பிரஷர், கொழுப்பு, சர்க்கரை, சிகரெட் எல்லாம் மாரடைப்புக்கும் பக்கவாதத்துக்கும் வழி போடுதுன்னு தெளிவாச்சு.

ரூஸ்வெல்ட் காலத்தில் நல்ல மாத்திரை இல்லை. நமக்கு இருக்கு. நாம என்ன பண்றோம்? "பிரஷர் நார்மலாயிடுச்சு"ன்னு நாமளே நிறுத்திடுறோம். ஐயா, மாத்திரை போட்டதாலதானே நார்மலாச்சு! கொட்டுற மழையில குடை பிடிச்சுப் போறவன், "நான்தான் நனையலையே"ன்னு குடையை மடக்கலாமா? (சிரிப்பு, கைதட்டல்)

தமிழ்நாட்டில் 2021-ல் 'மக்களைத் தேடி மருத்துவம்'னு தொடங்கி, வீடு தேடி மாத்திரை கொண்டுவந்து கொடுத்தாங்க. வாசல் வரைக்கும் அவங்க கொண்டுவரலாம். வாயில போட வேண்டியது நாமதானே?

தாய்மார்களே, வீட்டுக்காரருக்கு மாத்திரையும் தண்ணியும் நீட்டுறீங்க. உங்க பிரஷரைப் பார்த்து எத்தனை வருஷமாச்சு? மாதவிலக்கு நின்ன பிறகு பெண்களுக்கும் ஆபத்து கூடுதும்மா.

இன்னொண்ணு. திடீர்னு வாய் கோணினா, ஒரு கை துவண்டா, பேச்சு குழறினா, "தூங்கி எழுந்தா சரியாயிடும்"னு படுக்க வைக்காதீங்க. உடனே பெரிய ஆஸ்பத்திரி. ரத்தக்கட்டியைக் கரைக்கிற ஊசியை நாலரை மணி நேரத்துக்குள்ள போட்டாகணும். அங்கே அலட்சியம் தின்கிற ஒவ்வொரு நிமிஷமும் மூளை போகுது.

நாக்கைக் கட்டியவன்கூட அலட்சியத்தால் விழுகிறான். ஆகவே, இதயத்தைப் பெரிதும் கெடுப்பது அலட்சியமே என்று தீர்ப்பு வழங்குங்கள். அதுக்கு முன்னாடி, நடுவர் ஐயா, நீங்க பிரஷர் பார்த்துட்டீங்களா? (பலத்த சிரிப்பு)