பிள்ளைகள் அறிந்திருந்தனர்



வீட்டில் ஒரு பிள்ளைக்குக் கொடிய நோய் என்று தெரிந்தவுடன் பெரியவர்களின் குரல் தாழ்ந்துவிடுகிறது. “குழந்தைக்குத் தெரிய வேண்டாம்” என்பதே முதல் முடிவாகிறது. அம்முடிவு அன்பிலிருந்து பிறப்பது என்பதில் ஐயமில்லை. ஆயினும், குழந்தைக்கு உண்மையிலேயே தெரியாதா? இவ்வினாவுக்கு விடை தேடிய ஓர் ஆய்வாளரின் பணியே இவ்வுரையின் பொருள்.

அவர் மைரா புளூபாண்ட்-லாங்னர் என்னும் அமெரிக்க மானிடவியலாளர். 1970களின் தொடக்கத்தில், அந்நாட்டின் மருத்துவமனை ஒன்றில், இரத்தப் புற்றுநோயுற்ற மூன்று முதல் ஒன்பது வயது வரையிலான பிள்ளைகளோடு அவர் பல மாதங்கள் பழகினார். அவர்கள் பேசியதைக் கேட்டார். பேசாமல் விட்டதையும் குறித்துக்கொண்டார். அவர் கண்டவை 1978இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக வெளியீடாக நூலுருப் பெற்றன. அக்காலத்தில் இந்நோயுற்ற பிள்ளைகளுட் பெரும்பாலோர் பிழைப்பதில்லை. அதனை அவர்களிடம் எடுத்துரைக்கும் வழக்கமும் அரிதாகவே இருந்தது.

எனினும் பிள்ளைகள் அறிந்திருந்தனர். அவ்வறிவு ஐந்து படிகளில் வளர்ந்ததை அவர் கண்டார். தமக்கு வந்திருப்பது சாதாரண நோயன்று என்பது முதற்படி. மருந்துகளின் பெயர்களையும் அவற்றின் பக்கவிளைவுகளையும் அறிவது இரண்டாம் படி. எந்தச் சிகிச்சை எதற்காக என்பது மூன்றாம் படி. நோய் அடங்குவதும் மீள்வதுமாகத் தொடரும் என்பது நான்காம் படி. அத்தொடர் முடிவின்றிச் செல்லாது, மரணத்தில் முடியும் என்பது ஐந்தாம் படி. உடன் சிகிச்சை பெற்ற பிள்ளை ஒன்று இறந்த செய்தியே பலரை இவ்விறுதிப் படியில் ஏற்றியது.

இங்கே வியப்பிற்குரியது ஒன்றுண்டு. இவ்வறிவு வயதாலோ அறிவுக்கூர்மையாலோ அமையவில்லை, பட்டறிவால் அமைந்தது. பலமுறை நோய் மீண்ட நான்கு வயதுப் பிள்ளை, ஒருமுறையும் மீளாத ஒன்பது வயதுப் பிள்ளையைவிட மிகுதியாக அறிந்திருக்கக்கூடும். பிள்ளைகளுக்கு ஆசிரியர்கள் பிற நோயாளிப் பிள்ளைகளே. பாடநூல், பெரியவர்களின் முகமே. கதவுக்கு வெளியே நடக்கும் மெல்லிய பேச்சும், தாயின் சிவந்த கண்களும் அவர்களுக்குச் செய்தி சொல்லிவிட்டன.

அறிந்தும் அவர்கள் ஏன் பேசவில்லை? பேசினால் பெற்றோர் கலங்குவர், மருத்துவர் விலகுவர் என்பதையும் அவர்கள் கண்டிருந்தனர். ஆதலால், எல்லாம் நலமே என்பது போலப் பெற்றோர் நடித்தனர். பெற்றோருக்காகப் பிள்ளைகளும் நடித்தனர். வளர்ந்தபின் என்ன ஆவோம் என்ற பேச்சு அவர்களிடம் மறைந்தது. பண்டிகையை முன்கூட்டியே கொண்டாட விரும்பிய பிள்ளைகளும் இருந்தனர். பெற்றோர் பிள்ளையைக் காக்க எண்ணியிருக்க, பிள்ளையே பெற்றோரைக் காத்து நின்றது. இந்நூலில் நெஞ்சை உருக்கும் இடம் இதுவே.

அப்படியாயின் எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டுமா? அவர் அவ்வாறு சட்டம் வகுக்கவில்லை. சொல்வதா வேண்டாமா என்பதைவிட, எதை, எப்போது, யார் சொல்வது என்பதே வினா என்றார். பிள்ளை கேட்பதற்கு மட்டும், பிள்ளை கேட்கும் அளவில், விடை சொல்லுதல் வேண்டும். சிலரிடம் மனந்திறக்கவும் சிலரிடம் மறைக்கவும் பிள்ளைக்கு உரிமை உண்டு.

பின்னாளில் சுவீடன் நாட்டில் ஓர் ஆய்வு நடந்தது. உல்ரிக்கா கிரெய்க்பெர்க்ஸ் என்பாரும் குழுவினரும், புற்றுநோயால் பிள்ளையை இழந்த பெற்றோரிடம் வினவி, 2004இல் முடிவுகளை வெளியிட்டனர். பிள்ளையோடு மரணத்தைப் பற்றிப் பேசிய 147 பேரில் ஒருவரும் அதற்காக வருந்தவில்லை. பேசாதிருந்த 258 பேரில் 69 பேர், பேசாமற்போனோமே என்று வருந்தினர். எஞ்சியோர் வருந்தவில்லை என்பதையும் நாம் மறத்தலாகாது. எல்லா வீட்டுக்கும் ஒரே வழி பொருந்தாது.

இன்று காலம் மாறியுள்ளது. பிள்ளைகளுக்கு மிகுதியாக வரும் இரத்தப் புற்றுநோய் வகையில், வளர்ந்த நாடுகளில் பத்தில் ஏறத்தாழ ஒன்பது பேர் பிழைக்கின்றனர். ஆகவே பேச்சு என்பது மரணத்தைப் பற்றியதாகவே இருக்க வேண்டியதில்லை. ஊசி ஏன், முடி ஏன் உதிர்கிறது, பள்ளிக்கு எப்போது செல்லலாம் என்பனவும் பிள்ளையின் வினாக்களே. சிறு வினாவுக்கு மெய்யான விடை பெற்ற பிள்ளையே பெரிய வினாவோடு நம்மிடம் வரும்.

“பக்கத்துக் கட்டிலில் இருந்த தம்பி எங்கே?” என்று ஒரு பிள்ளை கேட்கும் நாள் எந்தக் குடும்பத்துக்கும் வாராதிருக்கட்டும். வருமாயின், பேச்சை மாற்றாமல், அருகில் அமர்ந்து, “நீ என்ன நினைக்கிறாய், கண்ணே?” என்று கேட்கும் துணிவு பெரியவர்களுக்கு வாய்க்கட்டும்.