நெஞ்சில் இரைச்சல் என்றால் பயப்படவும் வேண்டாம், பார்க்காமல் விடவும் வேண்டாம்

(முள்ளிவாய்க்காலில் நடந்த தொழிலாளர் குடும்பக் கூட்டத்தில் தோட்டப் பாடசாலை ஆசிரியையான நம் சங்க அமைப்பாளர் பேசியது)



1977லும் 1983லும் அடிபட்டு மலையை விட்டு வந்த எங்கள் சனம் வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவு என்று காடு வெட்டிக் குடியேறியது. அந்த உறவில்தான் இன்றைக்கு இங்கே வந்து நிற்கிறேன். சம்பளத்தைப் பற்றித் தோழர்கள் பேசிவிட்டார்கள். நான் நெஞ்சைப் பற்றிப் பேசுகிறேன்.

என் வகுப்பில் ஒரு பிள்ளை. பாடசாலைப் படி ஏறுவதற்குள் மூன்று இடத்தில் நிற்பாள். சோம்பேறி என்று நானே ஏசியிருக்கிறேன். பாடசாலை மருத்துவப் பரிசோதனைக்கு வந்த டாக்டர் குழாய் வைத்துக் கேட்டார். "இதயத்தில் இரைச்சல் கேட்குது, பெரியாஸ்பத்திரியில் காட்டுங்கள்" என்று துண்டு எழுதிக் கொடுத்தார். தாய் அந்தத் துண்டை மூன்று மாதம் சீனி டப்பாவில் வைத்திருந்தார். கேட்டேன். "போனால் ஒரு நாள் பேர் போகுமே டீச்சர்" என்றார்.

இரைச்சல் என்றால் என்ன? இதயத்துக்குள் நான்கு வால்வு இருக்கிறது. குளத்துத் துருசுக் கதவு மாதிரி இரத்தத்தை ஒரு பக்கம் விட்டு மூடும். அந்தக் கதவுகள் மூடும் சத்தம்தான் 'லப் டப்'. கதவு சரியாகத் திறக்காவிட்டாலும், மூடாமல் கசிந்தாலும், பீலித் தண்ணீர் மாதிரி 'உஸ்' என்று கேட்கும். பிறக்கும்போதே இதயத்தில் ஓட்டை இருந்தாலும் அப்படிக் கேட்கலாம்.

நல்ல இதயத்திலும் இரைச்சல் கேட்கும். எத்தனையோ பிள்ளைகளுக்கு அப்படி இருந்து வளர வளரப் போய்விடும். காய்ச்சலில், இரத்தக் குறைவில், வயிற்றில் பிள்ளை இருக்கும்போதும் கேட்கும். எது சும்மா, எது நோய் என்று டாக்டர்தான் சொல்ல வேண்டும். தேவைப்பட்டால் எக்கோ எடுப்பார்கள். அதில் ஊசியும் இல்லை, நோவும் இல்லை.

எங்கள் பிள்ளைகளுக்கு வரும் ஆபத்து வாதக் காய்ச்சல். முதலில் தொண்டை நோ. இரண்டு மூன்று கிழமை கழித்துக் காய்ச்சலும், முழங்காலில் தொடங்கி மூட்டுக்கு மூட்டு மாறும் வீக்கமும் வரும். மூட்டு ஆறிவிடும், வால்வு கெட்டுப்போகும். ஐந்து வயது முதல் பதினைந்து வயது வரைதான் கூடுதலாக வரும். நெருக்கமாக வாழும் இடத்தில் அந்தக் கிருமி சுலபமாகப் பரவும். 10க்கு 12 அடி லயக் காம்பராவில் ஏழு பேர் படுத்ததும், மெனிக் பாம் கூடாரத்தில் கிடந்ததும் உங்களுக்குத் தெரியும். வீடு கேட்பது நெஞ்சுக்காகவும்தான்.

அந்தப் பிள்ளைக்கும் அதுதான். இப்போது மாதத்துக்கு ஒரு பெனிசிலின் ஊசி. பல வருசம் போட வேண்டும். பிள்ளை ஓடி விளையாடுகிறாளே என்று நிறுத்தினால் காய்ச்சல் திரும்ப வந்து வால்வை இன்னும் கெடுக்கும். பல் பிடுங்கப் போனாலும் வால்வு நோய் இருக்கிறது என்று முதலில் சொல்ல வேண்டும்.

இரைச்சலை நம் காதால் கேட்க முடியாது. நாம் கவனிக்க வேண்டியவை வேறு. பால் குடிக்கும் குழந்தை இடையிடையே விட்டு மூச்சு வாங்கி வியர்த்தால், நிறை ஏறாவிட்டால், உதடு நீலம் பாரித்தால் தாமதிக்காமல் காட்டுங்கள். விளையாடும்போது மயங்கி விழுந்தால், வேலையில் முன்னில்லாத மூச்சிரைப்பு வந்தால், கால் வீங்கினால், இரவில் மல்லாந்து படுக்க முடியாவிட்டால் காட்டுங்கள். நெஞ்சு இறுக்கி வலித்தாலோ, மூச்சு விடவே முடியாவிட்டாலோ கிளினிக் நாள் பார்க்காதீர்கள். 1990க்கு அடியுங்கள். அம்புலன்ஸ் இலவசம்.

கர்ப்பிணித் தாய்மாருக்கு ஒரு சொல். அந்தக் காலத்தில் இரத்தத்தின் அளவு ஏறக்குறைய பாதி மடங்கு கூடும். அதுவரை பேசாமல் இருந்த வால்வு நோய் அப்போதுதான் வெளியே வரும். முதல் கிளினிக்கிலேயே நெஞ்சைப் பார்க்கச் சொல்லுங்கள். கூச்சம் வேண்டாம். பாரிசில் ஒரு டாக்டர் பெண் நோயாளியின் நெஞ்சில் காது வைக்கத் தயங்கி, 1816ல் தாளைச் சுருட்டி வைத்துக் கேட்டார். அந்தக் குழாய் வந்ததே அப்படித்தான்.

2009ல் இந்த மண்ணில் பட்டதை நான் சொல்லத் தேவையில்லை. அதன் பிறகு நெஞ்சு படபடத்தால் 'அந்தப் பயம்தான்' என்று விட்டுவிடுகிறோம். பயமாகவும் இருக்கலாம். சோதிக்காமல் அதை யாரும் சொல்ல முடியாது. முதலில் மாஞ்சோலை ஆஸ்பத்திரிக்குப் போங்கள். தேவையென்றால் அவர்களே யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கு எழுதித் தருவார்கள். அரசாங்க ஆஸ்பத்திரியில் காசு இல்லை.

காசு போவது அந்த நாள் கூலியில்தான். அதனால்தான் கிளினிக் கொப்பியைக் காட்டினால் அன்றைய பேர் வெட்டக் கூடாது என்று சங்கம் கேட்க வேண்டும் என்கிறேன். அது கிடைக்கும்வரை நாமே ஒருவருக்கொருவர் துணை. ஒரு தாய் கிளினிக் போனால் அடுத்த வீட்டார் மற்றப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளுங்கள். 1, 4, 7, 10ஆம் வகுப்புப் பிள்ளைகளை மருத்துவப் பரிசோதனை நாளில் வீட்டில் மறிக்காதீர்கள்.

இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் டப்பாவையும் பெட்டியையும் ஒருக்கால் பாருங்கள். டாக்டர் எழுதிக் கொடுத்த துண்டு எங்காவது கிடந்தால், நாளைக்கே எடுத்துக்கொண்டு போங்கள். பழைய துண்டு என்று யாரும் ஏசினால் எங்களிடம் சொல்லுங்கள், கூட வருகிறோம்.