மவுயி தீவுக்கு ஒரு டிரையத்லான் பயணம்
(நமது குடியிருப்பின் ஞாயிறு மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

கார் பார்க்கிங் குழாயடியில் சேறு படிந்த சைக்கிளைக் கழுவிக்கொண்டிருப்பவர் என் கணவர்தான். அதற்கு வந்த புகார்களுக்கெல்லாம் பதிலாக இந்தப் பேச்சை வைத்துக்கொள்ளுங்கள்.

உங்களில் நாலைந்து பேர் இப்போது அவரோடு சேர்ந்து பயிற்சி செய்கிறீர்கள். வெளிநாட்டுத் தீவில் நடக்கும் போட்டிக்குப் போகலாமா என்றும் கேட்கிறீர்கள். போட்டியில் இறங்கியவர் அவர். கரையில் நின்றவள் நான். கரையிலிருந்து தெரிந்ததைச் சொல்கிறேன்.

2019 அக்டோபரில் நாங்கள் போனது ஹவாயின் மவுயி தீவு. எக்ஸ்டெரா என்னும் இந்தப் போட்டி 1996-இல் தொடங்கியதே அந்தத் தீவில்தான். தார் ரோட்டில் நடக்கும் டிரையத்லான் இல்லை இது. கடலில் 1.5 கி.மீ. நீச்சல், மலைப்பாதையில் சுமார் 32 கி.மீ. சைக்கிள், அப்புறம் காட்டுப்பாதையில் 10 கி.மீ.க்குச் சற்று மேல் ஓட்டம். நடந்த இடம் கபாலுவா. ஒரு காலத்தில் அன்னாசித் தோட்டமாக இருந்த சரிவு.

நம் ஊரிலிருந்து நேரடி விமானம் கிடையாது. அங்கே நேரம் நமக்கு 15½ மணி பின்னால். ஆகவே சில நாள் முன்னதாகப் போய்விடுங்கள். டயர், ஷூ எல்லாவற்றையும் மண் இல்லாமல் கழுவி எடுத்துப் போங்கள். வெளியிலிருந்து வரும் விதையும் பூச்சியும் அந்தத் தீவுகளுக்குப் பெரிய ஆபத்து. சன்ஸ்கிரீனை அங்கேயே வாங்குங்கள். பவளப்பாறைக்குக் கேடு என்று இரண்டு ரசாயனங்கள் உள்ள சன்ஸ்கிரீனை 2021 முதல் அங்கே விற்கக் கூடாது.

இனி கடல். நம் குளத்தில் அறுபது தடவை போய்வருவது வேறு, இது வேறு. அங்கே அலை கரையை ஒட்டி, முழங்கால் ஆழத்திலேயே உடைகிறது. எதிர்த்து நின்றால் தூக்கிப் போட்டுவிடும். அடியில் முங்கித்தான் போக வேண்டும். ஒரு சுற்று நீந்தி, மணலில் ஓடி, மறுபடியும் இறங்க வேண்டும் என்பதால் இந்தக் கண்டம் இரண்டு தடவை. திரும்பி வரும்போதுதான் அதிகப் பயம். கரை வந்துவிட்டது என்று எழுந்து நிற்பார்கள், பின்னாலிருந்து அடிக்கும். கடலுக்கு முதுகைக் காட்டாதே என்று அந்த ஊர்க்காரர்கள் சொல்லிக்கொண்டே இருப்பார்கள்.

புறப்படும் முன் வீட்டிலேயே நாங்கள் ஒன்று பேசி வைத்திருந்தோம். நெஞ்சு படபடத்தாலோ மூச்சு வாங்கினாலோ கையைத் தூக்கிவிட வேண்டும், படகு வந்து ஏற்றிக்கொள்ளும். செலவழித்த பணத்தையும் எடுத்த லீவையும் பற்றி அதன் பிறகு நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன். இதை டிக்கெட் எடுப்பதற்கு முன்பே பேசிவிடுங்கள். கரையில் நின்றுகொண்டு பேச முடியாது. இரண்டாம் சுற்றில் அவருடைய தொப்பி எது என்றே தெரியாமல் நான் நின்ற நிமிடங்கள் எத்தனை என்று இப்போதும் சொல்லத் தெரியாது. அவர் கையைத் தூக்கவில்லை. சைக்கிளில் இரண்டு தடவை விழுந்தார், கடைசியில் ஓடி முடித்தார்.

முந்தின நாள் பக்கத்திலுள்ள லஹைனா ஊருக்குப் போயிருந்தோம். நடுவில் ஒரு பெரிய ஆலமரம். இந்தியாவிலிருந்து வந்த கன்று, 1873-இல் நட்டது. அதன் நிழலில் உட்கார்ந்து கட்டுச்சாதம் சாப்பிட்டோம். 2023 ஆகஸ்டில் பெருந்தீ அந்த ஊரை அழித்தது. சுமார் 100 பேர் இறந்தார்கள். மரமும் கருகியது. செய்தி பார்த்த அன்று அவர் சைக்கிளைத் தொடவில்லை. சில வாரங்களில் மரம் துளிர்த்த படம் வந்தது, எடுத்து எனக்குக் காட்டினார்.

அந்த உலகப் போட்டி 2022-இலேயே இத்தாலிக்குப் போய்விட்டது. ஆனால் தீவுப் போட்டிகள் வேறு இருக்கின்றன. போகிறவர்கள் சொல்லுங்கள், சைக்கிள் பெட்டி எங்கள் பால்கனியில் சும்மாதான் கிடக்கிறது. ஒரு சக்கரம் மட்டும் சரியாக உருளாது.