பழைய அச்சுப்பொறியும் புதிய கணினியும்

(பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



நம் பள்ளிக்குப் புதுக் கணினி ஒன்று வந்தது உங்களுக்குத் தெரியும். எல்லாருக்கும் மகிழ்ச்சி. ஆனால் அது வந்த அன்றைக்கே அலுவலக மூலையில் இருந்த பழைய அச்சுப்பொறி வாயடைத்துப் போயிற்று. பல ஆண்டுகளாக நம் பிள்ளைகளுக்குப் பயிற்சித்தாள் அச்சடித்துத் தந்த பொறி அது. கடைக்காரரைக் கேட்டோம். "தூக்கிப் போடுங்க சார், புதுசு வாங்கிடுங்க" என்றார். புதுசு வாங்கச் சங்கத்தில் பணம் இருந்தால் நான் இன்று உங்கள் முன் நிற்க வேண்டியதில்லை!

அப்போது நான்காம் ஆண்டு மாணவன் ஒருவன் கேட்டான்: "சார், அது செத்துப்போச்சா?" எனக்குச் சட்டென்று பதில் சொல்லத் தெரியவில்லை. அந்தக் கேள்விக்கு விடை தேடிய கதையைத்தான் இன்று சொல்லப்போகிறேன்.

முதலில் பொறி நலமா என்று பார்த்தேன். கணினியோடு சேர்க்காமலே, பொறியில் உள்ள பொத்தானை அழுத்திப் பிடித்தால் அது தானாக ஒரு சோதனைத்தாள் அச்சடிக்கும். அழுத்தினேன். கறுப்பும் வெள்ளையுமாகத் தாள் அழகாக வந்தது. ஆக, பொறி சாகவில்லை. கணினியும் நலம். இரண்டுக்கும் நடுவில்தான் கோளாறு.

தோட்டத்துக் கதையாகச் சொன்னால் உங்களுக்குச் சுலபமாக விளங்கும். அந்தக் காலத்தில் துரை ஒரு மொழி பேசுவார், தொழிலாளி ஒரு மொழி பேசுவார். நடுவில் கிராணி நின்று இரண்டு பக்கத்துக்கும் சொல்லுவார். கணினிதான் துரை. அச்சுப்பொறி தொழிலாளி. நடுவில் நிற்கும் கிராணிக்கு 'இயக்கி' என்று பெயர். இது ஒரு சிறு மென்பொருள். நம் பள்ளியில் என்ன நடந்தது? துரை மாறிவிட்டார். பழைய கிராணி ஓய்வு பெற்றுவிட்டார். தொழிலாளி மட்டும் அதே ஆள். வேலை தெரிந்தும், சொல்ல ஆள் இல்லாமல் சும்மா நிற்கிறார்.

கிராணி ஏன் ஓய்வு பெற்றார்? பழைய கணினிகள் பல 32 பிட் முறையில் ஓடின. 2021ஆம் ஆண்டு வந்த விண்டோஸ் 11, 64 பிட் முறை ஒன்றில் மட்டுமே ஓடும். 32 பிட்டுக்கு எழுதிய இயக்கி அங்கே வேலை செய்யாது. பழைய பொறிக்குப் புது இயக்கி எழுதித் தர அதைச் செய்தவர்களுக்கும் அக்கறை இல்லை. அவர்களுக்குப் புதுப்பொறி விற்க வேண்டும் அல்லவா?

இன்னொரு தடை, கம்பி. பழைய பொறியின் வாயில் 36 முனை. பழைய கணினியின் வாயில் 25 முனை. எட்டுக் கம்பிகளில் எட்டுத் துணுக்குச் செய்திகள் ஒரே நேரத்தில், எட்டுப் பேர் கைகோத்து நடப்பதுபோல் போகும். 1996இல் வெளிவந்த யூ.எஸ்.பி. முறையில் எல்லாம் ஒற்றை வரிசையாக, ஆனால் மிக வேகமாக ஓடும். புதுக் கணினியில் அந்தப் பழைய வாயே கிடையாது. ஒரு பக்கம் யூ.எஸ்.பி., மறுபக்கம் 36 முனை உள்ள மாற்றுக்கம்பி ஒன்று வாங்கினோம். புதுப்பொறியின் விலையோடு பார்த்தால் அது சில்லறைக் காசு.

கம்பியை மாட்டியும் பொறி அசையவில்லை. அரை நாள் போயிற்று. பிறகுதான் தெரிந்தது, கணினி இன்னும் 'எல்.பி.டி.1' என்ற பழைய வாசலுக்கே செய்தி அனுப்பிக்கொண்டிருக்கிறது. அந்த வாசலோ இல்லை! அமைப்புப் பக்கத்தில் 'யூ.எஸ்.பி.001' என்ற வாசலை மாற்றிக் கொடுத்ததும் பொறி உறுமியது.

அடுத்தது கிராணி. கணினியிலேயே 'வெறும் எழுத்து' என்றொரு பொது இயக்கி இருந்தது. அதைப் போட்டதும் ஆங்கில எழுத்துகள் வந்தன. கைதட்டினோம். தமிழ்ப் பாடத்தாளை அனுப்பினேன். தாள் முழுக்கக் கேள்விக்குறிகள்! ஏன் தெரியுமா? அந்த இயக்கி எழுத்தின் எண்ணை மட்டும் அனுப்பும். பொறியின் வயிற்றில் ஆங்கில எழுத்துகள் உண்டு. தமிழ் எழுத்தை யாரும் வைக்கவில்லை. பொறிக்குத் தமிழ் வரவேண்டுமானால், கணினியே எழுத்தின் வடிவத்தைப் பொறிக்குப் புரியும் மொழியில் விளக்கி அனுப்ப வேண்டும். நம் பொறி பேசுவது 'பி.சி.எல்.6' என்ற மொழி. ஒரே மொழி பேசும் பல பொறிகளுக்குப் பொதுவான இயக்கி விண்டோஸிலேயே இருக்கிறது. அதைத் தேர்ந்தெடுத்தேன். 'அ' வந்தது. 'ஆ' வந்தது. அந்த மாணவன் துள்ளிக் குதித்தான்.

துள்ளல் அடங்குமுன் இன்னொரு சிக்கல். படம் நிறைந்த தாளை அனுப்பினால் பாதித் தாள்தான் வந்தது. ஒரு ஏ4 தாளை அங்குலத்துக்கு 600 புள்ளி வீதம் பிடித்து வைக்க 4 மெகாபைட்டுக்கு மேல் நினைவகம் வேண்டும். பழைய பொறிக்கு அவ்வளவு பெரிய வயிறு இல்லை. 300 புள்ளியாகக் குறைத்தால் கால் பங்கு இடமே போதும். குறைத்தோம். முழுத்தாளும் வந்தது. பிள்ளைகள் வாசிக்க அந்தத் தெளிவு தாராளமாகப் போதும்.

பெற்றோர்களே, இதோடு கதை முடிந்தது என்று நினைத்தேன். ஆனால் பெரிய இழப்பு ஒன்று வாசலில் நின்றது. ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் பல ஆண்டுகள் இரவு பகலாகத் தட்டெழுதி வைத்த பயிற்சிகள் பழைய கணினியில் இருந்தன. புதுக் கணினியில் திறந்தால், தமிழுக்குப் பதில் ஆங்கில எழுத்துகள் குப்பையாகக் கொட்டிக் கிடந்தன. எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

காரணம் இதுதான். முன்பு ஓர் எழுத்துருவில் 256 இடங்களே இருந்தன. ஆங்கில எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் தமிழைக் குடிவைத்தார்கள். ஒவ்வொரு எழுத்துருவும் தன் விருப்பப்படி குடிவைத்தது. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் தமிழ் மறைந்துவிடும். இந்தத் துறையில் நம் நாட்டுக்குப் பெருமை உண்டு. மலேசியத் தமிழரான முத்து நெடுமாறன் 1985 முதல் உருவாக்கிய முரசு மென்பொருள் உலகத் தமிழர் பலரின் கணினிகளில் ஓடியது. பாலம் தாண்டினால் வரும் சிங்கப்பூரில், 1997இல் நா. கோவிந்தசாமி முன்னின்று நடத்திய தமிழ்நெட் 97 மாநாடு, எல்லாருக்கும் பொதுவான முறை வேண்டும் என்ற பேச்சை வலுவாக்கியது. இன்று யூனிகோடு என்ற உலகப் பொதுமுறையில் தமிழுக்கென்றே தனி எண்கள் உண்டு. 'அ'வின் எண் 2949. எந்தக் கணினியிலும் அது 'அ'தான், வேறொன்றாக மாறாது.

ஆகவே பழைய எழுத்துருவைத் தேடி எடுத்து, புதுக் கணினியில் சேர்த்தேன். குப்பை மறைந்து தமிழ் எழுந்தது. அதற்குப்பின் எழுத்துமாற்றி மென்பொருள்வழி ஒவ்வொரு கோப்பையும் யூனிகோடுக்கு மாற்றி வருகிறோம். மாற்றும்போது சில இடங்களில் கொம்பும் காலும் இடம் மாறிவிடும். ஆறாம் ஆண்டு மாணவர்கள் மதிய வேளையில் அமர்ந்து பிழை திருத்துகிறார்கள். இதைவிட நல்ல தமிழ்ப் பாடம் உண்டா?

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். பழசு எல்லாவற்றையும் கட்டிக்கொண்டு அழச் சொல்லவில்லை. மைத்தூள் பெட்டி கடையில் கிடைக்காவிட்டால், அல்லது பழுதுபார்க்கும் செலவு புதுப்பொறியின் விலையைத் தொட்டால், விட்டுவிட வேண்டியதுதான். அச்சுப்பொறிக்காகப் பழைய கணினியை இணையத்தில் இணைத்து வைப்பதும் ஆபத்து. விண்டோஸ் 10க்கான இலவசப் பாதுகாப்பு ஆதரவே 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு முடிந்துவிட்டது. ஆனால் விட்டுவிடுமுன் நான்கு கேள்விகள் கேளுங்கள்: பொறி தானாகச் சோதனைத்தாள் தருகிறதா? கம்பி பொருந்துகிறதா? வாசல் சரியா? அது பேசும் மொழி எது?

அந்த மாணவனுக்கு இப்போது என்னிடம் பதில் இருக்கிறது. "இல்லப்பா, அது சாகலை. அதோட பேச ஆள் இல்லாம இருந்துச்சு."

வகுப்பின் கடைசி வரிசையில் வாய் திறக்காத பிள்ளையைப் பார்க்கும்போதெல்லாம் இப்போது எனக்கு அந்தப் பொறிதான் நினைவுக்கு வருகிறது. "இவன் மண்டையில் ஒன்றும் ஏறாது" என்று சொல்லுமுன், அவனுக்குப் புரியும் மொழியில் நாம் பேசினோமா என்று ஆசிரியராகிய நானும், பெற்றோராகிய நீங்களும் கேட்டுக்கொள்வோம். திங்கட்கிழமை உங்கள் பிள்ளை கொண்டுவரும் பயிற்சித்தாள் அந்தப் பழைய பொறியில் அச்சானது. தயவுசெய்து ஐந்து நிமிடம் பக்கத்தில் உட்கார்ந்து, அதை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

 வாழ்க தமிழ்! வளர்க நம் பள்ளி!